ஹேமலோசனி பட்டினி கிடந்த கதை

ஹேமலோசனி இரண்டு நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாள் என்று உலகத்துக்குச் சொல்லப்பட்ட அந்தப் புதன்கிழமை மத்தியானம், அவள் சாப்பிட்டது ரசம் சோறு, வஞ்சிரம் வறுவல் இரண்டு துண்டு, கடைசியில் ஒரு பூவன்பழம். முள் எடுத்து ஊட்டிவிட்டது ஞானம். சாப்பிட்டு முடித்துக் கிழவி விட்ட ஏப்பம், ராயபுரம் கல்மண்டபத்தில் அந்தச் சந்தின் எதிர்வீடு வரைக்கும் கேட்டது. ஏப்பத்தைக் கேட்ட அதே எதிர்வீட்டு குணசுந்தரி, பிற்பாடு கேமராவுக்கு முன்னால் நின்று வேறு கதை சொன்னாள். அதை அப்புறம் பார்ப்போம்.

பெயரைக் கேட்டு விழிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கறுப்பு வெள்ளைப் படங்களில் கதாநாயகனுக்கு முதலில் நிச்சயமாகி, பிறகு இருமத் தொடங்கி, கடைசியில் அவன் கையைக் கதாநாயகியின் கையில் பிடித்துக்கொடுத்துவிட்டுச் சாவாளே ஒருத்தி, அவள்தான் ஹேமலோசனி. பதினாறு வருஷத்தில் நாற்பத்திரண்டு படம். அதில் முப்பத்தொரு படத்தில் செத்திருக்கிறாள். காசநோய், மாமியார், பாம்பு, கிணறு என்று எல்லாம் பார்த்தாயிற்று. ஆனாலும் அவளுடைய விசேஷம் பட்டினி. எச்சிலைக் கூட்டி ஒரு விழுங்கு விழுங்கிவிட்டு, காலிப் பாத்திரத்தின் மூடியை மெதுவாகத் திறந்து பார்ப்பாள். தரை டிக்கெட்டில் இருந்த பெண்கள் முந்தானையைப் பிழிவார்களாம். அப்படி நடிக்கும் நாட்களில் ஸ்டூடியோ சாப்பாட்டில் இரண்டு முட்டை கூடுதலாகக் கேட்டு வாங்கித் தின்பாள் என்பது அவளே சொன்னது.

பிறந்த பெயர் எலிசபெத். அப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் டிரைவர். கோடம்பாக்கத்திலிருந்து கம்பெனி கார் வந்து இந்தச் சந்து முனையில் நிற்க ஆரம்பித்ததும், மனுஷர் பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டார். வெட்கமாம். காரில் வந்த பணத்தில் மாடி கட்டும்போது வெட்கம் வரவில்லை. தங்கைக்கு இரண்டு சம்பந்தம் அக்காவின் தொழிலால் தட்டிப்போயிற்று. மூன்றாவது சம்பந்தம் அக்காவின் நகையால் முடிந்தது. அந்தத் தங்கை பெற்றவள்தான் ஞானம். பிறகு ஒரு தயாரிப்பாளர் தி.நகர்ப் பங்களாவில் ஹேமலோசனியைக் குடிவைத்தார். அவருக்கு மயிலாப்பூரில் மனைவியும் நான்கு பிள்ளைகளும். கலர் படம் வந்தது, தயாரிப்பாளருக்கும் வேறு கலர் பிடித்துப்போனது. முப்பத்து நான்கு வயதில் இரண்டு டிரங்குப் பெட்டியோடு கல்மண்டபத்துக்கே திரும்பி வந்து இறங்கினாள். நடுவில் ஒரு குழந்தை பிறந்தது என்று சந்தில் ஒரு பேச்சு உண்டு. இரண்டு என்பாள் குணசுந்தரி. அவள் பிறந்ததே அதற்கப்புறம்தான் என்பது வேறு விஷயம்.

ஞானம் இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். புருஷன் அருள்பிரகாசம் ரயில்வேயில் இருந்தவர், மஞ்சள் காமாலையில் போய்விட்டார். கையில் ஐந்து வயது ரூத்தைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்கு வந்தாள். வீட்டுக்கு ஆசைப்பட்டு வந்தாள் என்று சொன்னவர்களும் உண்டு. சொல்லட்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் கிழவி பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து படுத்தபோது, சொன்னவர்களில் ஒருத்தரும் வந்து ஒரு பேம்பர்ஸ் மாற்றவில்லை. படுக்கைப் புண் வந்தது. இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு. காலையில் ஒரு தரம், சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தரம், கட்டைப் பிரித்து, கழுவி, மருந்து வைத்து, புதுக் கட்டு. விசாரிக்க வருபவர்கள் எல்லாம் வாசற்படியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று "எப்டி கீறாங்க?" என்று கேட்டுவிட்டு, கட்டு பிரிக்கும் நேரம் தெரிந்ததுபோலச் சரியாகக் கிளம்பிவிடுவார்கள்.

ஞானத்துக்கு வேலை கன்னியர் மடத்துச் சமையல். பன்னிரண்டு சிஸ்டர்கள், நாற்பது விடுதிப் பிள்ளைகள். சமையலறைச் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். அந்தச் சாவி இடுப்பில் இருப்பதில் அவளுக்கு ஒரு கர்வம். இருக்காதா பின்னே? ராயபுரத்தில் கை சுத்தம் என்று நான்கு பேர் சொன்னால்தான் மடத்துச் சமையலறைக்குள்ளேயே விடுவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் திலீப் வந்தான். மறந்துபோன நடிகர்களைத் தேடிப் பிடித்துப் பேட்டி எடுக்கும் யூடியூப் சேனல்காரன். தாடி, மோதிரம், கேமராவோடு ஒரு ஆள். உள்ளே வந்து பார்த்ததும் அவன் முகம் தொங்கிப்போயிற்று. மொசைக் தரை பளபளவென்று இருந்தது. ஃப்ரிட்ஜ், டிவி, கொசுவலை போட்ட கட்டில். கிழவி பவுடர் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. வீடு கொஞ்சம் வசதியா தெரியுது" என்றான்.

"அதுக்கு?"

"பாக்கறவங்க மனசு இளகணும்ல? யாராவது பெரிய நடிகர் பாத்தா அம்மாவோட ஆபரேஷன் செலவ அப்படியே ஏத்துக்குவாரு. போன மாசம் ஒரு அம்மாவுக்கு நடந்துச்சு."

புண்ணுக்குத் தோல் வைத்துத் தைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. ஞானம் ஒரு நிமிஷம் யோசித்தாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவளை மன்னிக்கவே முடியாது. சேச்சே, மூன்று வருஷமாகக் கிழவியின் அழுக்கையெல்லாம் துடைத்தவள், தன் வீட்டை அழுக்காக்க எவ்வளவு அழுக்கு வேண்டும் என்று அந்தத் தாடிக்காரனிடமே கேட்டாள்!

ஃப்ரிட்ஜையும் டிவியையும் சந்துப் பையன்கள் நான்கு பேர் தூக்கிக் குணசுந்தரி வீட்டில் வைத்தார்கள். எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து காற்றடித்தால் ஜன்னல் கட்டையில் கறுப்புப் பொடி படியும். தினம் காலையில் ஞானம் ஈரத்துணியால் அதை ஒற்றி எடுப்பாள். அன்றைக்கு அதே பொடியை அள்ளிக்கொண்டு வந்து தரையில் உதறினாள். அந்தக் கையாலேயே சுவரில் இரண்டு இழுப்பு இழுத்தாள். திலீப் கட்டிலையும் எடுக்கலாம் என்றபோது மட்டும் தயங்கினாள்.

"வேணாம்பா. தரையில படுத்தா புண்ணு அமுங்கும். வலி தாங்க மாட்டாங்க."

"எடுடி" என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல். "கொசுவல போட்ட கட்டில்ல எவடி பட்டினி கெடப்பா? பாய் போடு. கிழிஞ்ச பாய். தலையில எண்ணெய் மினுங்குது பாரு, தொட. பவுடர அழி." திலீப் பக்கம் திரும்பினாள். "தம்பி, கேமராவ இந்தாண்ட வை. எனக்கு எடது பக்கம்தான் நல்லா வரும்."

எண்பத்தெட்டு வயதுக் கிழவியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை ஞானம் இருபத்திரண்டு வருஷத்தில் பார்த்ததில்லை.

ஊட்டி முடித்த தட்டோடு ஞானம் கேமராவுக்குப் பின்னால் நின்றாள். தட்டில் மீன் முள். திலீப் குரலைத் தழைத்துக்கொண்டு கேட்டான்.

"அம்மா, சாப்டீங்களா?"

ஹேமலோசனி இடது கன்னத்தைக் கேமராவுக்குத் திருப்பினாள். எச்சிலைக் கூட்டி விழுங்கினாள். சுருங்கிய தொண்டையில் அது ஏறி இறங்குவதைக் கேமரா கிட்டப்போய்ப் பார்த்தது.

"சாப்பாடா?" என்றாள். ராயபுரம் போய்விட்டது, படத்துத் தமிழ் வந்துவிட்டது. "சோற்றின் முகத்தைப் பார்த்தே இரண்டு நாளாகிறது, தம்பி."

"உங்கள யாரும்மா பாத்துக்கறாங்க?"

"இருக்கிறாள் ஒருத்தி. என் தங்கை பெற்ற பெண். வீடு என் பெயரில் இருக்கிறதல்லவா? அதற்காக என் உயிரை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள்." இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கியது. "அதையும் எடுத்துக்கொண்டால் புண்ணியமாகப் போகும்."

கேமராக்காரன் அழுதுவிட்டான். திலீப் கையில் மயிர்க்கால்கள் எழுந்து நின்றன. ஞானம் கையில் தட்டு.

அவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஞானம் கிழவியின் காதருகே குனிந்தாள். "இன்னா பெரியம்மா இப்டி சொல்லிட்ட?"

"இன்னாடி சொன்னேன்? ஷாட் எப்டி? ஒரே டேக்கு. அந்தப் பையன் அழுதுகினு போறான் பாத்தியா?"

"என்னைக் கொலகாரியாக்கிட்டியே."

"வில்லி இல்லாம எப்டிடி அழுறது?" கிழவிக்கு நிஜமாகவே புரியவில்லை. "சும்மா படுத்துகினு அழுதா எவன் பாப்பான்? கட்டில்ல ஏத்து, முதுகு எரியுது."

அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடச் சொல்லி ஞானம் திலீப்பைக் கும்பிட்டாள். "கண்டிப்பாக்கா, அதெல்லாம் எடிட்ல போயிடும்" என்றான். எடிட்டில் போனது மற்றதெல்லாம். அந்த இடம் மட்டும் முதலில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை, சோக வயலினோடு வந்தது. நாலே நாளில் ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள். நடுவில் சாட்சியாகக் குணசுந்தரி, புதுப் புடவையில்: "ராத்திரில கெய்வி அழுற சத்தம் கேக்கும். நாங்கோ இன்னா கேக்க முடியும், அவங்கோ குடும்ப மேட்டரு."

ஞானம் நேரே அவள் வாசலில் போய் நின்றாள்.

"யக்கா, நீ எந்த ராத்திரி என் வூட்ல அழுவுற சத்தம் கேட்ட?"

"அந்தப் பையன்தான்மே சொல்லச் சொன்னான். டிவில வரும்னான். நீயும்தான வூட்டக் கலீஜாக்கி ஷோ காட்டின? என்னிய மட்டும் வந்து கேக்கற?"

கேட்டதில் நியாயம் இருப்பது ஞானத்துக்கும் தெரிந்தது. அதுதான் எரிச்சல். "என் ஃப்ரிட்ஜக் குடு" என்றாள்.

"எட்த்துக்கோ. நண்டு வெச்சிகீறேன், சாயங்காலம் காலி பண்ணித் தரேன்."

ஃப்ரிட்ஜ் மறுநாள்தான் வந்தது. வினிகர் ஊற்றி மூன்று தடவை கழுவியும் நாற்றம் போகவில்லை.

பெரிய நடிகர் எவரும் வரவில்லை. ஒரு ரசிகர் மன்றம் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டு போனது. திருவொற்றியூரிலிருந்து ஒரு அம்மாள் சாம்பார் சோற்று டிபன் கேரியரோடு ஆட்டோவில் வந்தாள். ஞானத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டு உள்ளே போய்க் கிழவிக்கு ஊட்டினாள், ஊட்டுவதைத் தன் ஃபோனில் எடுத்தாள், வெளியே வரும்போது ஞானத்தின் காலடியில் காறித் துப்பினாள். ஏற்கெனவே வயிறு நிறைந்திருந்த கிழவி அந்தச் சாம்பார் சோற்றை மாலையில் முழுக்க வாந்தி எடுத்தாள். துடைத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. கீழே கமெண்டுகள் ஓடிக்கொண்டேயிருந்தன. உன் கையில் புழு வைக்கும், நீயும் இப்படித்தான் நாறிச் சாவாய். ரூத் திருவொற்றியூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் உட்காருபவள். அங்கே கூட வேலை செய்யும் பெண்கள் அவளைப் பார்த்ததும் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்கள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மடத்துத் தலைவி மதர் ஞானத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எனக்கு உன்னைத் தெரியும் ஞானம்மா. ஆனா விடுதிப் பிள்ளைங்க வீட்டிலிருந்து ஃபோன் வருது. சொந்தப் பெரியம்மாவுக்குச் சோறு போடாதவ கையால எங்க பிள்ளை சாப்பிடணுமான்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"பொய்ன்னு சொல்லுங்க மதர்."

"வெறும் வாயால சொன்னா ஆச்சா? அந்த அம்மாவையே பேச வச்சு ஒரு வீடியோ எடுத்துட்டு வா. ஞாயித்துக்கிழமைக்குள்ள. இல்லைன்னா சாவிய நான் வாங்கிக்க வேண்டி வரும்."

சனிக்கிழமை ரூத் ஃபோனைப் பிடித்துக்கொண்டாள். கட்டில், கொசுவலை, பளபள தரை எல்லாம் தெரிகிறமாதிரி. ஞானம் கிழவிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, இன்னிக்கு உண்மைய சொல்லு. அவ்ளோதான்."

"டயலாக் சொல்லு."

"டயலாக் இல்ல. நான்தான இருவத்திரெண்டு வருசமா உன்னப் பாத்துக்கறேன்? அத்த சொல்லு. அன்னிக்கு சொன்னது நெசமில்லன்னு சொல்லு."

கிழவி உதட்டைப் பிதுக்கினாள். "இதுல நடிக்க இன்னா கீது?"

"நடிக்க வேணாம். சும்மா சொல்லு."

"சும்மா சொல்றதுக்கு நான் எதுக்குடி?"

ரூத் "ரெடி ஆயா" என்றாள். கிழவி கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுத்து, திறந்தாள். அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது. கன்னத்துச் சுருக்கமெல்லாம் கனிந்து, குரலில் ஒரு நடுக்கம் கூடி வந்தது.

"ஞானம்... அவள் என் தங்கையின் மகள் என்று ஊர் சொல்லும். நான் சொல்ல மாட்டேன். அவள் என்னைப் பெறாமல் பெற்ற தாய். என் எச்சிலை அவள் துடைத்தாள். என் அழுக்கை அவள் அள்ளினாள். அந்தத் தெய்வத்தின் மேல் பழி சொன்ன இந்த நாக்கு அழுகிப்போகட்டும்."

ரூத்துக்கு உடம்பு சிலிர்த்தது. ஞானத்தின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், சாதாரணக் குரலில் 'ஒனக்குக் கஷ்டந்தான் ஞானம்' என்று சொல்லக் கேட்டிராதவள், அந்த ஒரு நிமிஷம் நம்பினாள்.

கிழவி நிறுத்தவில்லை.

"ஆனால்..." என்றாள். எச்சில் தொண்டையில் ஏறி இறங்கியது. "அந்தத் தாயையும் என்னிடமிருந்து பிரிக்கத் துடிக்கிறாள் ஒருத்தி. இதோ, என் எதிரில் நிற்கிறாளே, அவள் பெற்ற மகள். இந்தச் சனியன் எப்போது தொலையும் என்று இவள் பற்களை நறநறப்பதை என் இரண்டு காதாலும் கேட்டேன்."

ஃபோன் ரூத்தின் கையில் தொங்கியது. "ஆயா!"

"கைய ஆட்டாதடி, இன்னும் முடியல!" என்று அதட்டினாள் கிழவி.

அடுத்த அறைக்குப் போய் ரூத் குலுங்கினாள், சிரிப்பா அழுகையா என்று தெரியாமல். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பரவால்லம்மா. பின்னாடி வர்றத கட் பண்ணிடலாம். முதல் பாதி சூப்பரா வந்துகீது. இத்தப் பாத்தா அந்த திலீப்பே வாய மூடிக்குவான்" என்றாள்.

ஞானம் ஃபோனை வாங்கி முதல் பாதியைப் போட்டுப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். மூன்றாவது தடவை ஒலியைக் குறைத்துவிட்டு, கடைசி வரைக்கும் ஓடவிட்டு, முகத்தை மட்டும் பார்த்தாள். எங்காவது ஓர் இடத்தில், ஒரு சொல்லில், கிழவி இதை மனசார நினைத்துச் சொல்லியிருக்கிறாளா என்று தேடினாள். மகளை வில்லியாக்கிய முகமும் தன்னைத் தெய்வமாக்கிய முகமும் தையல் தெரியாமல் ஒட்டியிருந்தன. சற்றுமுன் விட்ட கண்ணீரைப் புறங்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"அழிச்சிடு" என்றாள்.

"பைத்தியமாம்மா உனக்கு? நீ பாத்துக்கறது உண்மைதான?"

"உண்மைதான். அத்த இவ வாயால கேக்க எனக்குக் குமட்டுது."

"அப்ப மடத்து வேலை?"

ஞானம் ஃபோனை அவளிடம் நீட்டினாள். ரூத் செய்யமாட்டேன் என்றதும் தானே விரலால் தட்டித் தடவி, எங்கே அழுத்துவது என்று கண்டுபிடித்து, அழித்தாள்.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து மதர் சமையலறைக்கு வந்தபோது ஞானம் சாம்பாரை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"வீடியோ எடுத்தாச்சா ஞானம்மா?"

"எடுத்தேன் மதர். அழிச்சிட்டேன்."

"ஏன்?"

"அவங்க நடிக்கிறாங்க மதர். நல்லது சொன்னாலும் நடிப்புதான், கெட்டது சொன்னாலும் நடிப்புதான். அத்த வெச்சி எனக்கு நல்ல பேரு வேணாம்."

மதர் பெருமூச்சு விட்டார். "அப்ப எதை வச்சு நான் உன்ன நம்புறது?"

ஞானம் கையைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு அவங்க புண்ணுக் கட்டப் பிரிப்பேன். நீங்க வாங்க. கேமரா, ஃபோன் ஒண்ணும் வேணாம். பக்கத்துல நின்னு பாருங்க. சீழ் வெச்சிகீதா, புழு நெளியுதா, குனிஞ்சி மோந்து பாருங்க. கவனிக்காம போட்ட ஒடம்பு எப்டி நாறும்னு உங்களுக்குத் தெரியும். நீங்க நர்ஸ் வேல பாத்தவங்கதான?"

மதரின் கை தானாகவே முக்காட்டு நுனியை இழுத்து மூக்கின்மேல் வைத்துக்கொண்டது. சமையலறையில் பெருங்காய வாசனையைத் தவிர வேறெதுவும் இல்லை.

"சாப்பிடற எடத்துல என்ன பேச்சு இது?"

"நாலு மணிக்கு வருவீங்களா மதர்?"

"அதுக்கில்ல... வீடியோன்னா கேக்கறவங்களுக்கு அனுப்பி வைக்கலாம். நான் ஒருத்தி வந்து பாத்து என்ன ஆகப்போகுது?"

ஞானம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கீழே வைப்போமே, அந்த முகம். இடுப்பிலிருந்து சாவியை உருவி, நறுக்கிய கீரைக்குப் பக்கத்தில் பலகையில் வைத்தாள்.

"சாம்பாரு எறக்கியாச்சு. கீரைக்கு இன்னும் உப்பு போடல" என்று சொல்லிவிட்டு, நாலு மணிக் கட்டுக்கு மருந்து வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே மருந்துக்கடை மூடிவிடுமே என்று வேகமாகப் படியிறங்கினாள்.